பொதுக் காப்பீட்டு முகவர் தேர்வு: தாராவி தரும் பாடங்கள்

வீடு, கடை, பட்டறை, வண்டி, சரக்கு, உடல்நலம் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய இழப்பை ஒருவர் மட்டும் தாங்காமல், அதே ஆபத்துக்கு உட்பட்ட பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே பொதுக் காப்பீடு எனப்படுவது. ஆயுள் காப்பீட்டைப் பற்றி நம் மக்கள் ஓரளவு அறிவர். பொதுக் காப்பீடு அந்த அளவுக்குப் பரவவில்லை. 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் காப்பீட்டு பிரிமியத்தின் பங்கு 3.7 சதவீதம். இதில் ஆயுள் அல்லாத காப்பீட்டின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே. உலக அளவில் இரண்டும் சேர்ந்து 7 சதவீதத்தை எட்டுகின்றன. இந்த இடைவெளியின் பொருள் யாதெனில், தீயோ வெள்ளமோ வரும்போது நம் நாட்டுச் சிறு தொழிலாளர் பெரும்பாலும் தம் சேமிப்பையும் கடனையுமே நம்பி நிற்கின்றனர் என்பதாகும்.

இவ்விடைவெளியைக் குறைக்க வேண்டியவர்களுள் முதல்வர் காப்பீட்டு முகவர். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தைப் பாமர மக்கள் பார்ப்பதில்லை, முகவரையே பார்க்கின்றனர். அவர் சொல்வதே அவர்களுக்குப் பாலிசி. எனவேதான் அவர் ஒரு தேர்வில் தேறியிருக்க வேண்டுமென அரசு விதித்துள்ளது. இத்தேர்வு எத்தகையது, அதற்கு எவ்வாறு படிக்க வேண்டும், படித்தது களத்தில் எவ்வாறு பயன்படும் என்பவற்றை மும்பை நகரின் மூன்று பகுதிகளைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இம்மூன்றிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பினும் அவை எதிர்கொள்ளும் ஆபத்துகள் வெவ்வேறானவை.

தேர்வு வந்த வழி

இந்தியாவில் பொதுக் காப்பீட்டின் தொடக்கம் 1850இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட டிரைட்டன் கம்பெனி ஆகும். பம்பாயில் 1907இல் தோன்றிய இந்தியன் மெர்க்கன்டைல் நிறுவனம், எல்லா வகைப் பொதுக் காப்பீடுகளையும் நடத்திய முதல் இந்திய நிறுவனம். 1919இல் சர் தோராப்ஜி டாட்டா நியூ இந்தியா நிறுவனத்தை அதே நகரில் தொடங்கினார். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் இத்தொழிலுக்கு முறையான கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. 107 நிறுவனங்கள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என நான்காகத் தொகுக்கப்பட்டன.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் மீண்டும் வந்தன. போட்டி வரும்போது விற்பனையில் மிகைப்பேச்சும் வரும் என்பதை உணர்ந்து, ஆணையம் 2000ஆம் ஆண்டு விதிகளில் முகவர்களுக்கு 100 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் வகுத்தது. பயிற்சி நேரம் பின்னர் குறைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர், ஆணையமே உரிமம் வழங்கும் முறை மாறி, தேர்வில் தேறியவரை நிறுவனமே முகவராக நியமிக்கும் முறை வந்தது. நியமனம் செய்த நிறுவனம் தன் முகவரின் செயல்களுக்குப் பொறுப்பேற்கிறது.

இவ்விடத்தில் அயல்நாட்டு முறையையும் ஒப்பிடலாம். அமெரிக்காவில் சொத்துக் காப்பீட்டுக்கும் பொறுப்புக் காப்பீட்டுக்கும் உரிய முகவர் தேர்வை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நடத்துகிறது. காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1945ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கு மாநிலங்களிடமே விட்டுவைத்தது. நம் நாட்டிலோ விதி நாடு முழுமைக்கும் ஒன்றே. மும்பையில் தேறியவர் திருநெல்வேலியிலும் முகவராகலாம்.

தேர்வின் அமைப்பு

2016ஆம் ஆண்டு விதிகளின்படி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைக் கல்வித் தகுதி. பாடநூலை மும்பையிலுள்ள இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா தயாரித்துள்ளது. 1955இல் தொடங்கப்பெற்ற இக்கல்வி அமைப்பின் அலுவலகம் பாந்திரா-குர்லா வளாகத்தில், தாராவிக்கு எதிரே மித்தி ஆற்றின் மறுகரையில் அமைந்துள்ளது. ஐ.சி. 38 எனும் அந்நூல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கிடைக்கிறது. ஆகவே மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற இளைஞருக்கும் இப்பாதை அடைபட்டதன்று.

தேர்வு கணிப்பொறி வாயிலாக நடைபெறுகிறது. 50 வினாக்கள், ஒரு மணி நேரம், ஒவ்வொரு வினாவுக்கும் தரப்படும் விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்தல் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. 35 சதவீதம் பெற்றால் தேர்ச்சி. தேர்ச்சிச் சான்றிதழ் முதல் நியமனத்துக்காக 12 மாதங்கள் செல்லும். ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு தனி உடல்நலக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முகவராக இருக்கலாம். இரு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இருத்தல் ஆகாது.

35 சதவீதம் என்றால் 50இல் 18 வினாக்கள். மனப்பாடத்தாலும் ஊகத்தாலும் இதனை எட்டிவிடலாம் என்பதே இத்தேர்வின் குறைபாடு. விடை தெரியாத ஏனைய 32 வினாக்கள் தேர்வு மண்டபத்தோடு முடிந்துவிடுவதில்லை. அவை பின்னொரு நாள் ஒரு பட்டறைக்காரரின் இழப்பீட்டு விண்ணப்பத்தில் மீண்டும் எழும். அப்போது மதிப்பெண் இழப்பவர் முகவர் அல்லர்.

ஆறு கோட்பாடுகள்

பாடநூல் பல இயல்களைக் கொண்டதாயினும் அதன் முதுகெலும்பு ஆறு கோட்பாடுகளே. இவற்றைத் தெளிவாக உணர்ந்தவர் தேர்வில் பெரும்பாலான வினாக்களுக்குத் தாமே விடை காண இயலும்.

முதலாவது, காப்பீட்டுக்குரிய நலன். ஒரு பொருள் அழிந்தால் யாருக்குப் பண இழப்பு நேருமோ, அவரே அதனைக் காப்பீடு செய்ய முடியும். நலன் வேறு, உரிமைப் பத்திரம் வேறு என்பதை மாணவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தாராவியில் பட்டறை நடத்துவோருள் பலருக்கு இடத்தின் மீது பத்திரம் கிடையாது. ஆயினும் தம் தையல் இயந்திரங்கள் மீதும், தாம் விலை கொடுத்து வாங்கிய தோல் மீதும் அவர்களுக்கு முழு நலன் உண்டு. பத்திரம் இல்லை என்ற காரணத்தால் காப்பீடே கிடைக்காது என்று கருதி ஒதுங்குவோருக்கு முகவர் இதனை எடுத்துரைக்க வேண்டும். இந்நலன் தீக் காப்பீட்டில் பாலிசி எடுக்கும்போதும் இழப்பின்போதும் இருத்தல் வேண்டும்; கடல்வழிச் சரக்குக் காப்பீட்டில் இழப்பின்போது இருந்தால் போதும். தேர்வில் அடிக்கடி வினவப்படும் வேறுபாடு இது.

இரண்டாவது, முழு நன்னம்பிக்கை. பொருளை வாங்குபவர் விழிப்பாய் இருக்க வேண்டும் என்பது பொது வணிக நெறி. காப்பீட்டில், ஆபத்தைப் பற்றிய உண்மைகளை அறிந்தவர் காப்பீடு கோருபவரே ஆதலால், அவற்றை மறைக்காமல் வெளிப்படுத்தும் கடமை அவருடையது. 1766இல் இங்கிலாந்து நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு, சுமத்ராத் தீவின் கோட்டை ஒன்று பற்றிய வழக்கில் இந்நெறியை நிலைநாட்டினார். நம் உச்ச நீதிமன்றமும் 2009இல் ஓர் உடல்நலக் காப்பீட்டு வழக்கில், இருந்த நோயை மறைத்தமைக்காக இழப்பீடு மறுக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டது. கூரை தகரமா, காங்கிரீட்டா. மாடியில் பசை, கரைப்பான் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்கள் உள்ளனவா என்பவை படிவத்தில் நிரப்பப்பட வேண்டிய உண்மைகள். பிரிமியம் சற்றுக் குறைய வேண்டுமென்று முகவரே இவற்றை மாற்றி எழுதினால், அவர் விற்றது பயனற்ற காகிதமாகிவிடக்கூடும்.

மூன்றாவது, ஈட்டுறுதி. இழப்புக்கு முன்பு இருந்த நிலைக்குக் கொண்டுவருவதே காப்பீட்டின் கடமை. இழப்பு ஆதாயமாக மாறக்கூடாது. நான்காவதும் ஐந்தாவதும் இதிலிருந்து பிறப்பவை. இழப்பீட்டைப் பெற்றவர், இழப்புக்குக் காரணமான மூன்றாமவரிடம் தமக்குள்ள உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பது உரிமை மாற்றம். ஒரே சரக்குக்கு இரு நிறுவனங்களில் பாலிசி இருந்தால், இரண்டும் தத்தம் தொகைக்கேற்ப இழப்பைப் பகிர்வது பங்களிப்பு. 10 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு ஒன்றில் 6 லட்சமும் மற்றொன்றில் 4 லட்சமும் காப்பீடு செய்திருக்க, 1 லட்சம் இழப்பு நேர்ந்தால், முன்னது 60,000 ரூபாயும் பின்னது 40,000 ரூபாயும் தரும்.

ஆறாவது, அண்மைக் காரணம். இழப்பை விளைவித்த காரணங்கள் சங்கிலியாக அமையும்போது, அவற்றுள் வலிமையானதும் முதன்மையானதும் எது என்று காண வேண்டும். காலத்தால் கடைசியாக வந்தது எது என்பது அளவுகோல் ஆகாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை கடந்தது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கி நின்ற காரின் இருக்கைகளுக்கு நேர்ந்த சேதம் வெள்ளத்தால் நேர்ந்தது. இதில் ஐயம் இல்லை. நீர் புகுந்த இயந்திரத்தை உரிமையாளர் முடுக்கியதால் அது உடைந்தால், காரணம் வெள்ளமா, முடுக்கிய செயலா என்ற பூசல் எழுகிறது. இயந்திரப் பாதுகாப்புக்கெனத் தனிக் கூடுதல் பாலிசி விற்கப்படுவதன் காரணம் இதுவே.

தாராவி: பட்டறையும் சரக்கும்

இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே கடந்த பரப்பில், தோல் பொருள்கள், மண்பாண்டம், ஆயத்த ஆடை, பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆகிய தொழில்கள் தாராவியில் நெருங்கி நடைபெறுகின்றன. ஒரே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பட்டறையும் மேல்தளத்தில் குடியிருப்பும் இருப்பது இயல்பு. தீயும் வெள்ளமும் இங்கே பொதுவான பகைகள்.

5 கோடி ரூபாய் வரையிலான சொத்து மதிப்புள்ள தொழில்களுக்கென 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா எனும் பாலிசியை ஆணையம் வகுத்துள்ளது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் முதலியவை இதனுள் அடங்கும். இதில் மாணவர் கணக்கிட்டுப் பழக வேண்டியது சராசரி விதி. ஒரு பட்டறையில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு உள்ளது; பிரிமியத்தை மிச்சப்படுத்த 5 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்யப்பட்டுள்ளது; தீயில் 4 லட்சம் அழிகிறது எனக் கொள்வோம். பாலிசித் தொகை 5 லட்சம் இருப்பதால் 4 லட்சமும் கிடைக்கும் என்றே உரிமையாளர் எண்ணுவார். ஆனால் மறுபாதிக்கு அவரே காப்பாளர் எனக் கருதப்படுவதால், கிடைப்பது 2 லட்சம்; அதிலும் பாலிசியில் கண்ட கழிவு உண்டு. இப்புதிய பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைமதிப்பு பொருட்படுத்தப்படுவதில்லை. அதே சரக்கை 9 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால் சராசரி விதி குறுக்கிடாது; 8 லட்சத்துக்கு எனில் குறுக்கிடும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. தாராவியின் பல பட்டறைகள் கூலி வேலை செய்பவை. துணியும் தோலும் மொத்த வணிகருடையவை. தைத்துத் தருவது மட்டுமே பட்டறையின் பணி. 'சரக்கு' என்று மட்டும் எழுதப்பட்ட பாலிசி சொந்தச் சரக்கையே குறிப்பதாகக் கொள்ளப்படலாம். பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கும் அடங்கும் என்ற தொடர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதுபோலவே, பண்டிகைக் காலத்தில் அடுத்த சந்தில் வாடகைக்கு எடுத்த பரணில் மூட்டைகளை அடுக்கினால், அம்முகவரியும் பாலிசியில் இடம்பெற வேண்டும். இழப்பு நேர்ந்தபின் வரும் மதிப்பீட்டாளர், பாலிசியில் எழுதப்பட்டுள்ள இடத்தையும் பொருளையும் வைத்தே கணக்கிடுவார்.

மாதுங்கா: கட்டடத்தின் மதிப்பு

மாதுங்கா முன்பே திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி. தென்னிந்திய நடுத்தரக் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இப்பகுதியில் வளர்ந்ததே. பழைய கட்டடங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் நிறைந்த இப்பகுதியில் எழும் முதற் கேள்வி, வீட்டை எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்வது என்பதாகும்.

வீட்டின் சந்தை விலையைக் கூறுவது பலர் செய்யும் பிழை. மும்பையில் அவ்விலையின் பெரும்பகுதி நிலத்தின் விலை. நிலம் எரிவதில்லை. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் கட்டடத்தின் தொகை, உட்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்கிக் காணப்படுகிறது. 50 சதுர மீட்டர் வீடு, சதுர மீட்டருக்கு 30,000 ரூபாய்ச் செலவு எனக் கொண்டால் தொகை 15 லட்சம். வீட்டுப் பொருள்களுக்கு இதில் 20 சதவீதம், அதாவது 3 லட்சம், தானாகவே சேரும்; இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். குறைமதிப்புக்கான சராசரி விதி இப்பாலிசியில் அறவே நீக்கப்பட்டுள்ளது. சந்தை விலைக்குக் காப்பீடு செய்யத் தூண்டும் முகவர் கூடுதல் பிரிமியம் ஈட்டித் தரலாம். ஈட்டுறுதிக் கோட்பாட்டின்படி இழப்பீடு கூடப்போவதில்லை.

செம்பூர்: அயலாருக்கான பொறுப்பு

செம்பூரை அடுத்த டிராம்பே, மாஹுல் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் உள்ளன. எனவே சொத்து இழப்பைக் காட்டிலும் பொறுப்புக் காப்பீட்டை விளக்க இப்பகுதி பொருத்தமானது. 1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்த நச்சுவாயுக் கசிவின் பின்னர், 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் நிறுவனங்கள் கட்டாயம் காப்பீடு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர், நிறுவனத்தின் கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே இச்சட்டத்தின் கீழ் உடனடி நிவாரணம் பெறலாம்.

அன்றாட வாழ்வில் எல்லோரும் சந்திக்கும் பொறுப்புக் காப்பீடு வாகனங்களுக்கு உரியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு மூன்றாமவருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. தன் வண்டிக்கு ஏற்படும் சேதம் இதில் அடங்காது என்பதை வண்டி உரிமையாளர் பலர் விபத்துக்குப் பின்னரே அறிகின்றனர். இதனை முன்கூட்டியே சொல்வது முகவரின் கடமை.

படிக்கும் முறை

தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர் மூன்று படிகளைப் பின்பற்றலாம். முதலில், ஆறு கோட்பாடுகளையும் ஒவ்வொன்றுக்கும் தம் தெருவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதிப் பார்க்க வேண்டும். அடுத்து, பாடநூலுடன் ஓர் உண்மையான பாலிசியின் வாசகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நூல் தமிழில் இருப்பினும் பாலிசி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். வாடிக்கையாளரிடம் பேசும் மொழியோ தமிழ், இந்தி, மராத்தி. மூன்றுக்கும் இடையே பொருள் சிதறாமல் கொண்டுசெல்லும் திறன் பயிற்சியால் மட்டுமே வரும். 'எது அடங்கும்' என்ற பகுதியைக் காட்டிலும் 'எது அடங்காது' என்ற பகுதிக்கு இருமடங்கு நேரம் ஒதுக்குவது நலம்.

மூன்றாவதாக, சட்டப் பிரிவுகளை அவற்றின் காரணத்தோடு நினைவில் கொள்ள வேண்டும். 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவின்படி, பிரிமியம் முன்கூட்டிச் செலுத்தப்படாமல் நிறுவனம் ஆபத்தை ஏற்க முடியாது. "இந்த வாரம் பாலிசி, அடுத்த வாரம் பணம்" என்று முகவர் வாக்களித்தால், இடைப்பட்ட நாளில் பற்றும் தீக்கு எவரும் பொறுப்பாகார். 41ஆம் பிரிவு, முகவர் தம் கழிவுத் தொகையில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகத் தருவதைத் தடை செய்கிறது. தண்டம் 10 லட்ச ரூபாய் வரை போகலாம். பழைய நூல்களை நம்புவதும் கூடாது. உடல்நலக் காப்பீட்டில் முன்பே உள்ள நோய்களுக்கான உச்சக் காத்திருப்புக் காலம் 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. இதை அறியாதவர் தேர்விலும் தவறுவார்; நோயாளிக்கும் தவறான விடை தருவார்.

முகவர் நிலையோடு நிற்க விரும்பாதோர், அதே கல்வி அமைப்பு நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ தேர்வுகளைத் தொடரலாம். காப்பீட்டு மதிப்பீட்டாளர் தொழிலுக்குத் தனித் தேர்வும் பயிற்சியும் உள்ளன.

செய்ய வேண்டியவை

பத்தாம் வகுப்புப் படிப்புடன் சுயமாகச் சம்பாதிக்க வழிதேடும் இளைஞருக்கும் இல்லத்தரசியருக்கும் இத்தொழில் ஏற்றது. அவர்கள் தம் சந்திலேயே வாழ்வதால், எந்தப் பட்டறையில் என்ன சரக்கு உள்ளது என்பதை வெளியிலிருந்து வரும் அதிகாரியைவிட நன்கு அறிவர். இவ்வறிவு முறையான பயிற்சியுடன் சேர வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டைப் பெருக்குவதோடு பயிற்சி நிலையங்கள் நிறைவடையாமல், படிவம் நிரப்புதல், தொகை நிர்ணயித்தல், இழப்பீட்டு விண்ணப்பம் எழுதுதல் ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்பித்தல் வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரிமியத்தில் 2 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்புத் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் போன்றவற்றை மக்களிடம் எடுத்துச் செல்லவும் இத்தகைய முகவர்கள் துணைபுரிவர். தொழிற்சங்கங்களும் வங்கிக் கிளைகளும் கடன் வழங்கும் நாளிலேயே சரக்கின் மதிப்பை முகவருடன் சேர்ந்து கணித்தல் பயன்தரும்.

பட்டறை ஒன்று எரிந்தால் உரிமையாளர் மட்டும் வீழ்வதில்லை. அங்கு வேலை செய்யும் பத்துப் பேரின் கூலியும் நின்றுபோகிறது. அப்பட்டறை மீண்டும் திறக்குமா, பூட்டியே கிடக்குமா என்பது, தீ பற்றுவதற்குப் பல மாதங்கள் முன்பு ஒரு முகவர் படிவத்தில் எழுதிய சில வரிகளையும் பொறுத்தது. அவ்வரிகளைச் சரியாக எழுதக் கற்பிப்பதே இத்தேர்வின் பயன். 18 வினாக்களைக் குறியாகக் கொண்டு படிப்போரும், அவர்களுக்குப் பயிற்சி தருவோரும் இதனை மறத்தல் ஆகாது.